மீன்பெட்டிக்குள் ஒரு பகல்

ஊசித்தும்பி முட்டையை வைத்து முதுமாணிப் பட்டம் எடுக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது எங்கள் ஆசிரியர் அறையில் இரண்டு நாளாகச் சிரிப்பு ஓயவில்லை. "ஒரு ஒம்லெட் போட எத்தின முட்டை வேணும் டீச்சர்?" என்று கேட்டவர் கணித ஆசிரியர். ஆயிரத்துக்குக் குறையாமல் வேண்டும், எண்ணித் தாருங்கள், போட்டுத் தருகிறேன் என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. எனக்கு அப்போது முப்பத்தேழு வயது. இரண்டு பிள்ளைகளின் தாய், உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள், கடலுக்குப் போகிற ஒருவரின் மனைவி. இந்த மூன்றில் எதுவும் தும்பி முட்டையைப் பற்றி யோசிக்கத் தடையென்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் வீடு குறிஞ்சிப்பிட்டியில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் வெங்காயப் பாத்திகள், அதற்கு அப்பால் ஒரு வில்லு. மழைத் தண்ணீர் தேங்கி நிற்கும் பள்ளத்தை வில்லு என்போம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நிரம்பும். மாசியில் வற்றத் தொடங்கும். அதற்குப் பிறகு மாடு நடந்தாலும் குளம்பு நனையாது. ஆனால் அடுத்த மழை விழுந்த சில கிழமைகளில் ஊசித்தும்பிகள் திரும்ப வந்துவிடும். சாதாரணத் தும்பியைவிட மெலிந்தவை, இருக்கும்போது சிறகை அரைவாசி விரித்தபடி கோரையில் சாய்ந்திருப்பவை. இவை எங்கிருந்து வருகின்றன என்று ஒரு வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது. பாடப்புத்தகத்தில் பதில் இல்லை. எனக்கும் தெரியவில்லை, அது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

பிறகு தேடிப் பார்த்ததில் கொஞ்சம் தெரிந்தது. பெண் தும்பி கோரைத் தண்டைக் குத்தி அதற்குள் முட்டையைச் செருகிவிடும். தண்ணீர் வற்றும், தண்டு காயும். முட்டைக்குள் இருக்கும் முளையம் ஓரளவு வளர்ந்துவிட்டு அப்படியே நின்றுவிடும். இதை உறங்குநிலை என்பார்கள். குளிர்நாடுகளில் இப்படி நின்று பனிக்காலத்தைக் கடக்கும் தும்பிகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். பகல் குறுகும்போதும் வெப்பம் மாறும்போதும் முட்டைக்கு இப்போது நிற்கவா, நடக்கவா என்று தெரிகிறதாம். எங்கள் வில்லுத் தும்பி கடக்க வேண்டியது பனியை அல்ல, பங்குனி தொடங்கி ஆவணி, புரட்டாதி வரைக்கும் கொளுத்தும் வெயிலை. அது எதை நம்பிக் காத்திருக்கிறது, சூட்டையா, பகலின் நீளத்தையா? இதுதான் என் கேள்வி. இந்தக் கேள்விக்காக நான் ஐந்து வருடமாகப் பல்கலைக்கழகத்தில் பெயர் பதிந்து வைத்திருந்தேன்.

ஐந்து வருடம் என்பது அதிகம். பிள்ளை கிடைத்ததற்கு ஒரு முறையும் பாடசாலை லீவு தராததற்கு ஒரு முறையும் நீடிப்பு வாங்கியிருந்தேன். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு ஆய்வுக் குழு கூடும், அதற்குள் உயிருள்ள ஒரு முடிவைக் காட்டாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று கடிதம் வந்தது. அந்த வருடத்து மழை நன்றாகப் பெய்திருந்தது. வில்லு வற்றத் தொடங்கியதும் முட்டை செருகிய கோரைத் தண்டுகளை வெட்டி வந்தேன்.

ஆய்வுகூடம் என்று எனக்கு இருந்தது எங்கள் வீட்டுச் சாமான் அறை. வலையும் கயிறும் போட்டு வைக்கிற அறை. என் கணவர் ஐஸ் உருகாமல் காக்கும் பழைய ரெஜிபோம் மீன்பெட்டி நான்கைத் தந்தார். நான்கையும் சவர்க்காரம் போட்டு மூன்று நாள் கழுவினேன், அப்படியும் மணம் போகவில்லை. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு தட்டில் தண்ணீர் விட்டு அதில் தண்டுகளைப் போட்டேன். ஒவ்வொரு மூடிக்கும் உட்புறம் ஒரு சின்ன எல்.ஈ.டி பல்ப். இரண்டு பெட்டிக்குள் காலையும் மாலையும் உறைந்த தண்ணீர்ப் போத்தல் மாற்றி வைப்பேன், அவை மார்கழி மழைநாளைப் போல் குளிர்ச்சியாக இருக்கும். மற்ற இரண்டும் எங்கள் வீட்டுக் கூரைச் சூட்டில் அப்படியே இருக்கும். குளிர்ப் பெட்டிகளில் ஒன்றுக்கு நீண்ட பகல், ஒன்றுக்குக் குறுகிய பகல். சூட்டுப் பெட்டிகளுக்கும் அப்படியே.

"மீனுக்கு ஐஸ் இல்லாட்டியும் பரவால்ல, முட்டைக்கு ஐஸ் வேணும்" என்று கணவர் ஒவ்வொரு நாளும் சொல்வார். சொல்லிக்கொண்டே போத்தலையும் கொண்டுவந்து வைப்பார்.

பகலின் நீளம் எவ்வளவு என்பதில்தான் எனக்கும் என் ஆய்வை மேற்பார்வை செய்த விரிவுரையாளருக்கும் முதல் சண்டை வந்தது. நல்ல மனிதர், கெட்டிக்காரர், ஆனால் புத்தகத்தில் இல்லாதது உலகத்தில் இல்லை என்று நினைப்பவர். நீண்ட பகலுக்குப் பதினாறு மணித்தியாலம் வையுங்கள், குறுகியதற்கு எட்டு வையுங்கள் என்றார். எல்லோரும் அப்படித்தான் வைக்கிறார்களாம்.

"சேர், எங்கட ஊர்ல பதினாறு மணித்தியாலப் பகல் எப்ப வந்த?" என்று கேட்டேன்.

"வராது. ஆனா வித்தியாசம் தெளிவாத் தெரியும் டீச்சர்."

"காணாத பகலக் காட்டினா முட்டைக்கு என்ன விளங்கும்?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் பள்ளிவாசல் அச்சடித்துக் கொடுத்த தொழுகை நேர அட்டவணை தொங்குகிறது. வருடம் முழுவதற்கும் சூரிய உதயமும் சூரியன் மறையும் மஃரிப் நேரமும் நிமிடக் கணக்கில் அதில் இருக்கின்றன. மார்கழியின் மிகக் குறுகிய பகலையும் ஆனியின் மிக நீண்ட பகலையும் அதிலிருந்து எடுத்தேன். இரண்டுக்கும் இடையில் ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசம் இல்லை. அந்தச் சின்ன வித்தியாசத்தை ஒரு முளையத்தால் எண்ண முடியுமா என்று பார்ப்பதுதான் என் ஆசை. எண்ண முடியாது என்றால் அதையும் எழுதுவேன். ஆய்வுத் திட்டத்தில் மேற்கோளாகப் பள்ளிவாசல் அட்டவணையைப் போட்டதற்கு விரிவுரையாளர் சிவப்புப் பேனையால் ஒரு கேள்விக்குறி இட்டிருந்தார். அதை அழித்துவிட்டு அதே வரியைத் திரும்ப அச்சடித்துக் கொடுத்தேன்.

மூன்று கிழமை போயிற்று. ஒரு முட்டையும் பொரிக்கவில்லை. வெப்பநாட்டு முட்டை என்றால் இதற்குள் பொரித்திருக்க வேண்டும், பொரிக்காவிட்டால் செத்துவிட்டது, கொட்டிவிட்டு இலகுவான தலைப்புக்கு மாறுங்கள் என்று விரிவுரையாளர் தொலைபேசியில் சொன்னார். நான் கொட்டவில்லை. செத்த முட்டை பூஞ்சணம் பிடிக்கும், கலங்கும். என்னுடையவை தெளிவாக இருந்தன. பாடசாலை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் இரண்டு செம்மண் நிறப் புள்ளிகள் தெரிந்தன, முளையத்தின் கண்கள். கண் இருப்பதை நான் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகு யார் சொல்லி நான் கொட்டுவேன்?

அந்த நேரத்தில் நோன்பு நெருங்கியது. எங்கள் பாடசாலைகளுக்கு நோன்பு மாதம் விடுமுறை. அந்த விடுமுறையில் இரண்டு கிழமை பல்கலைக்கழகத்தில் தங்கி ஒரு பாடநெறியை முடித்தாக வேண்டும். பெட்டிகளை யாரிடம் விடுவது? கணவர் விடியுமுன் கடலில் இருப்பார். மிச்சம் இருந்தவர் மாமி, அதாவது என் கணவரின் தாய். அறுபது வயது, சுறுசுறுப்பு, ஒரு வேலையை எடுத்தால் நிமிடம் பிசகாமல் செய்கிறவர். அவரிடம் எந்தச் சுவிட்சை எப்போது போடுவது, எப்போது அணைப்பது, போத்தலை எப்போது மாற்றுவது, எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். நோன்புக்கு முந்திய இரண்டு நாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். என்னைவிட நன்றாகச் செய்தார். நோன்பு பிறக்கும் முன்பே நான் பஸ் ஏறிவிட்டேன்.

பல்கலைக்கழகத்தில் இருந்து ஒவ்வொரு பின்னேரமும் அழைப்பேன். "பல்ப் போட்டீங்களா மாமி?" "ஓம், போட்டன்." "அணைச்சீங்களா?" "இப்பதான் அணைச்சிட்டு நோன்பு திறந்த. நீ கஞ்சி குடிச்சியா?" கதை அவ்வளவுதான். விரிவுரையாளரிடம் ஒரு தண்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். நுணுக்குக்காட்டிக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இது வளர்ந்து பாதியில் நின்றுபோனது, உயிர் இல்லை என்றார். பாதியில் நிற்பதுதானே என் தலைப்பு என்றேன். குழுவுக்கு முன் இப்படிக் கதைக்க வேண்டாம் என்று புத்தி சொன்னார்.

பத்தாவது நாளோ பதினோராவது நாளோ மாமியே அழைத்தார். அவர் என்னை அழைப்பது அபூர்வம். "புள்ள, ஐஸ் போத்தல் வைக்கிற பெட்டி ரெண்டிலயும் தண்ணிக்குள்ள என்னமோ நெளியுது. கண்ணுக்குச் சரியாத் தெரியுதில்ல. மூணு வால் இரிக்கிற மாதிரி."

விடுதி வாசலில் நின்று நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. மூன்று வால் என்றால் அவை செவுள்கள். அவை ஊசித்தும்பிக் குடம்பிகள். செத்தது என்றார்களே, அது நீந்திக்கொண்டிருந்தது.

அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போனேன். குளிர்ப் பெட்டிகள் இரண்டிலும் பொரித்திருந்தன, நீண்ட பகல் என்று எழுதியிருந்த பெட்டியில் கூடுதலாக. சூட்டுப் பெட்டிகளில் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. அவற்றின் கண்புள்ளிகள் அப்படியே தெளிவாகக் காத்துக்கொண்டிருந்தன. குளிர்ந்தால் நடக்கிறது, சூடென்றால் நிற்கிறது. நான்கு பெட்டியும் நான் எதிர்பார்த்ததற்கு மேலாகப் பதில் சொல்லிவிட்டன என்று நினைத்தேன். அன்று சஹர் உணவுக்கு எழுந்தபோதுதான் மாமி சாமான் அறைக்குப் போய் நான்கு சுவிட்சையும் ஒன்றாகப் போடுவதைக் கண்டேன். வெளியே இன்னும் நல்ல இருட்டு.

"என்ன மாமி செய்றீங்க?"

"முட்டைக்கு லைட் போடுறன்."

"இப்பவா? இது உதயத்துக்குப் போடுறதல்லவா?"

மாமி என்னைப் பார்த்த பார்வையில் நான்தான் விளங்காதவள். "நோன்பு பிறந்தா எல்லா நேரமும் மாறும்தானே புள்ள. சாப்பாட்டு நேரம் மாறுது, கடை நேரம் மாறுது, கந்தோர் நேரம் மாறுது. நீ எழுதித் தந்தது நோன்புக்கு முந்தின நேரம். நான் நோன்பு நேரத்துக்கு மாத்திட்டன். சஹருக்குப் போடுறன், பாங்கு சொன்ன உடன அணைக்கிறன். ஒரு நாளும் பிந்தல்ல."

ஒரு நாளும் பிந்தவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. எங்கள் ஊரில் ஒருவருக்கும் இதில் பிழை தெரியாது. மாதம் பிறந்தால் கந்தோரும் கடையும் மருந்து குடிக்கிற வேளையும் இடம் மாறுகிற ஊரில், தும்பி முட்டை மட்டும் பழைய நேரத்தில் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? நான் அதை எழுதிக் கொடுக்கவில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை. நீண்ட பகல் பெட்டி, குறுகிய பகல் பெட்டி என்ற பேதமெல்லாம் என் எழுத்தில் மட்டும் இருந்தது. நான்கு பெட்டியும் பத்து நாளுக்கு மேலாக ஒரே பகலைக் கண்டிருந்தன, பதினான்கு மணித்தியாலத்தையும் தாண்டிய ஒரு பகலை. அப்படி ஒரு பகலை எங்கள் சூரியன் ஒருபோதும் தந்ததில்லை.

நான் மாமியிடம் சத்தம் போட்டேன். தாளைக் கசக்கி எறிந்தேன். "அஞ்சு வருசம் மாமி" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் சோற்றை எடுத்துவைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அன்று அவர் சஹர் சாப்பிடாமலே நோன்பு பிடித்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மீதே கோபம் வருகிறது. பின்னேரம் கஞ்சிக் கோப்பையோடு போய்ப் பக்கத்தில் இருந்தேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவள் நான், அதனால் குடம்பிகளை ஒரு போத்தல் மூடியில் எடுத்துப் போய் அவருக்குக் காட்டினேன்.

"இது நான் செஞ்ச பிழையால வந்ததா?" என்று கேட்டார்.

"தெரியல்ல மாமி. குளிரால வந்திரிக்கலாம், வெளிச்சத்தால வந்திரிக்கலாம். ரெண்டும் சேர்ந்தும் வந்திரிக்கலாம்."

"அப்ப என்னத்த எழுதுவ?"

அதுதான் கேள்வி. விரிவுரையாளருக்கு நடந்ததைச் சொன்னபோது அவருக்கு அது கேள்வியாகவே தெரியவில்லை. அவர் சந்தோசத்தில் இருந்தார். முட்டை உயிரோடு இருக்கிறது, நீண்ட பகல் பெட்டியில் கூடுதலாகப் பொரித்திருக்கிறது, அட்டவணை அழகாக வருகிறது. "திட்டத்தில இருக்கிற மாதிரியே எழுதுங்க டீச்சர். அந்தப் பத்து நாளப் பற்றி எழுதத் தேவையில்ல."

"அந்தப் பத்து நாளுக்குள்ளதானே சேர் அது பொரிச்சது?"

"யாருக்குத் தெரியப் போகுது?"

"என்ட மாமிக்குத் தெரியும்."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து அவரே அழைத்து, சரி, உங்கள் விருப்பம், ஆனால் உங்களைக் காப்பாற்ற என்னால் முடியாது என்றார். என்னைக் காப்பாற்றும்படி நான் யாரையும் கேட்கவில்லை.

பெருநாள் முடிந்து குழு கூடியது. நீண்ட மேசையில் மூன்று பேர், ஓரத்தில் என் விரிவுரையாளர். முறையியல் பகுதியை நான் நின்றுகொண்டு வாசித்தேன். நோன்பு பிறந்த நாளிலிருந்து நான்கு பெட்டிகளுக்கும் சஹர் வேளையில் விளக்குப் போடப்பட்டு மஃரிப் பாங்குக்கு அணைக்கப்பட்டது, நேரம் மாறக்கூடாது என்று எழுதிக் கொடுக்காதது ஆய்வாளரின் பிழை, ஆகவே பகலின் நீளம் பற்றி இந்த ஆய்வால் எதுவும் சொல்ல முடியாது. மேசையில் ஒருவர் இருமிச் சிரிப்பை மறைத்தார். மறைக்க வேண்டாம், சிரியுங்கள் என்றேன். பிறகு மூவரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நல்ல கேள்விகள் கேட்டார்கள், அதை மறுக்க மாட்டேன்.

கடைசியில் இரண்டு வழி காட்டினார்கள். தலைப்பில் இருந்து பகலின் நீளத்தை வெட்டிவிட்டு வெப்பநிலையை மட்டும் வைத்துக்கொண்டால் இந்த வருடமே பட்டம். அல்லது மூன்றாவதும் கடைசியுமான நீடிப்பு, ஒரு வருடம், எல்லாவற்றையும் முதலில் இருந்து. இரண்டாவதில் தவறினால் வெப்பநிலையும் இல்லை, பட்டமும் இல்லை. என் விரிவுரையாளர் முதல் வழியை எடுங்கள் என்று தலையை ஆட்டினார்.

வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்லுங்கள் என்றார்கள். எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. குளிர்ந்தால் பொரிக்கும் என்று நான் கண்டது பதினான்கு மணித்தியால வெளிச்சத்தில். மார்கழியின் உண்மையான பகலில் அதே குளிரில் அது பொரிக்குமா என்று எனக்குத் தெரியாது, அந்த மேசையில் இருந்த எவருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாக மடித்து வைத்து, அதன்மேல் என் பெயரை எழுதி, தொப்பியும் அங்கியும் போட்டுப் படம் எடுக்க எனக்கு விருப்பமில்லை. கடைசி நீடிப்பு என்றேன்.

பல்கலைக்கழகக் கந்தோரில் நீடிப்புப் படிவம் நிரப்பும்போது எழுதுவினைஞர் எட்டிப் பார்த்தார். காரணம் என்ற இடத்தில் நான் எழுதியிருந்தது: நோன்பு நேரத்துக்கு விளக்குப் போடப்பட்டதால் திரும்பச் செய்ய வேண்டியுள்ளது.

"இப்பிடி எழுதினா மேல அனுப்ப ஏலாது டீச்சர். சுகமில்ல என்டு போடுங்க. எல்லாரும் அப்பிடித்தான் போடுற."

"நான் நல்ல சுகமாத்தான் இரிக்கன்" என்றேன். அந்தப் படிவம் அப்படியேதான் மேலே போனது.

இது நடந்து ஒரு வருடம் ஆகப் போகிறது. வில்லு மறுபடியும் நிரம்பி மறுபடியும் வற்றிக்கொண்டிருக்கிறது. புதிய தண்டுகள் நான்கு பெட்டியிலும் இருக்கின்றன. இன்னும் மூன்று நாளில் நோன்பு. விடுபட்டுப்போன பாடநெறியின் மிச்சத்துக்காக நான் திரும்பவும் இரண்டு கிழமை பல்கலைக்கழகம் போக வேண்டும். இந்த முறை பயிற்சி பெற்ற ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு இன்னொரு தடவை கிடையாது என்று விரிவுரையாளர் சொன்னார். கணித ஆசிரியரும் அதையே சொன்னார். கணவர்கூட ஒருமுறை தொண்டையைச் செருமினார். போன வருடம் ஒரு நாளும் பிந்தாமல் செய்த ஒருவர் என் வீட்டிலேயே இருக்கிறார், எனக்கு வேறு ஆள் வேண்டாம் என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன்.

மாமியிடம் கேட்டபோது முதலில் மாட்டேன் என்றார். பிறகு நேரங்களைக் கேட்டு, தன் கைப்பட ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார். இன்று காலையில் பள்ளிவாசலில் இருந்து புதிய நோன்பு அட்டவணை வந்தது. அதை வழக்கமான இடத்தில், சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒட்டினார். பிறகு சாமான் அறைக்குப் போய்ச் சுவிட்சுகளுக்கு மேலே இன்னொரு தாளை ஒட்டிவிட்டு வந்தார். போய்ப் பார்த்தேன். பெரிய எழுத்தில், இரண்டு முறை கோடிட்டு எழுதியிருந்தார்: முட்டைக்கு நோன்பு இல்லை.